ராசாவின் கடைசி வரி

டோர்செட் பார்க்
மார்ச் 11, 2024

அப்பா,

இனி என்னோட கதைக்கமாட்டன் எண்டு சாமிப்படத்துக்கு முன்னால நிண்டு சொன்னனீங்கள். எழுதமாட்டன் எண்டு சொல்லேல்லை. அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளாலதான் இந்தக் கடிதம் வருது.

முந்தியெண்டா அம்மாட்டச் சொல்லி விட்டிருப்பன். "நான் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில கிடக்கிற ஃபோன் இல்லை, இனி ஒருத்தற்ற கதையையும் மற்றாளிட்டக் காவிக்கொண்டு திரியமாட்டன்" எண்டு அவ போன கிழமை சொல்லிப்போட்டா. அவவைப் பிழை சொல்ல ஏலாது.

விஷயத்துக்கு வாறன். உங்கட குரல் வேணும். எனக்கில்லை, வேலைக்கு.

யூனிவேர்சிற்றிய விட்டிட்டு நான் என்ன செய்யிறன் எண்டு நீங்கள் கேக்கேல்லை. எண்டாலும் சொல்லுறன். ஸ்காபரோவில றெமிஜியஸ் அண்ணை எண்டு ஒருத்தர் ஒரு புடவைக் கடைக்கு மேல ஒலிப்பதிவு அறை வச்சிருக்கிறார். இஞ்சத்தைக் கொம்பனி ஒண்டு சின்னப் பிள்ளையளுக்கு ஒரு கார்ட்டூன் படம் எடுத்திருக்கு. ராசா, இளவரசி, கதைக்கிற கொக்கு, அஞ்சாறு பாட்டு. அதைத் தமிழில கதைக்க வைக்கிறது எங்கட வேலை. இளவரசிக்குப் பேச்சு நான். பாட்டு, என்னோட ஒரே அப்பாட்மென்ற்றில இருக்கிற மயூரி. ராசாவுக்குப் பேச இருந்தவர் தொண்டையில ஒப்பரேசன் எண்டு விலத்திட்டார்.

றெமிஜியஸ் அண்ணை உங்களைப் போன வருசம் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில கேட்டவராம். பிள்ளையை மைக்கில மேடைக்குக் கூப்பிட்டனீங்களாம். சண்முகலிங்கத்தாற்ற குரல்தான் ராசா எண்டு ஒரே பிடியா நிக்கிறார். நான் உங்கட மகள் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம், அதால என்னைக் கேக்கச் சொல்லுறார். எங்களுக்குள்ள கதைபேச்சில்லை எண்டு அவருக்குத் தெரியாது. அது ஊருக்குச் சொல்லுற கதையே?

வாறதெண்டா வாங்கோ. இல்லையெண்டா இல்லை எண்டு எழுதிவிடுங்கோ. வேற ஆள் பாக்கவேணும்.

லக்சிகா


ஒஷாவா
மார்ச் 19, 2024

லக்சிகா,

அன்பு மகளுக்கு என்று தொடங்கலாமா எனச் சற்று யோசித்தேன். பிறகு பெயரை மட்டும் எழுதுவதே பொருத்தம் என்று பட்டது.

கதைக்கமாட்டேன் என்று நான் சொன்னது உண்மை. படிப்பை விட்டதற்காக அல்ல. விட்ட பிறகும் ஒரு தவணை முழுக்க நீ காலையில் புத்தகப் பையோடு வெளிக்கிட்டாய். நானும் வேலைக்குப் போகிற வழியில் உன்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, நீ உள்ளே போகும்வரை பார்த்து நின்றேன். அதற்காகத்தான்.

இனிக் குரல் விஷயம். வார நாட்களில் நான் மிசிசாகாவில் விமானச் சரக்கு ஏற்றுபவன். சனி ஞாயிறில்தான் மைக் பிடிக்கிறேன். இந்தக் கார்ட்டூன் படங்களால் மைக் பிடிக்கிறவன் படும் பாடு உனக்குத் தெரியாது. இப்போது எந்த விழாவானாலும் பிள்ளை இளவரசியாகத்தான் வரவேண்டும் என்கிறார்கள். போன ஆடியில் ஒரு பிள்ளையை இயந்திரத் தாமரைக்குள் இருந்து எழுப்பினார்கள். பூ பாதி விரிந்ததோடு நின்றுவிட்டது. பிள்ளை உள்ளே, பாட்டு வெளியே. மெக்கானிக் வரும்வரை நான் சபைக்குத் தமிழின் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

இப்படங்களில் ராசா என்றால் முட்டாள். தொப்பை இருக்கும், கால் சிறுத்திருக்கும், கிரீடம் கண்ணை மறைக்கும். இவனும் அந்த வகைதானா? அறியத் தரவும்.

மாசியில் நீ வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதாக அம்மா சொன்னா. பூட்டு குளிரில் இறுகி உடைந்தது. அதனால் மாற்றினேன். வேறு காரணம் கிடையாது. புதுப் பூட்டைத் திறக்க உனக்கென்று வெட்டிய திறப்பு என் திறப்புக் கோர்வையில் கிடக்கிறது. நீ மணியை அடித்திருக்கலாம்.

க. சண்முகலிங்கம்


டோர்செட் பார்க்
மார்ச் 24, 2024

அப்பா,

என்ர வீட்டில பெல் அடிக்க நான் விருந்தாளியே?

குளிருக்குப் போடுற தடிச்ச கோட் எடுக்கத்தான் வந்தனான். திறப்பு திரும்பேல்லை. உள்ளுக்கு லைற் எரிஞ்சுது, ரீவி சத்தம் கேட்டுது. திரும்பவும் ஒருக்காத் திருப்பிப் பாத்திட்டுப் பஸ் எடுத்தன். பூட்டு உடைஞ்சதெண்டா ஒரு கோல் அடிச்சுச் சொல்லியிருக்கலாம். ஓ, கதைக்கமாட்டீங்கள். மறந்திட்டன்.

அந்தப் புத்தகப் பை விஷயம். ஒவ்வொரு நாளும் காரால இறங்கேக்க "கவனமாப் படி" எண்டுவியள். அதுக்குப் பிறகு என்னத்தைச் சொல்லுறது?

ராசாவுக்குத் தொப்பை இருக்கு. முட்டாள் இல்லை. கதை இதுதான். ஆத்துக்கு நடுவில ஒரு கோட்டை. முடி சூட்டுற நாளில இளவரசி முடியைக் கழட்டி வச்சிட்டு ஆத்தில ஓடம் ஓட்டப் போறா. ராசா அவவை நாடு கடத்தி, பாலத்தைத் தூக்கச் சொல்லி, வாசல் கதவையும் அடைக்கிறார். பிறகு பெருவெள்ளம். அவவும் கொக்குமாச் சேந்து சனத்தை ஓடத்தில ஏத்திக் காப்பாத்துகினம். கடைசியில அவ நனைஞ்சுபோய்க் கோட்டை வாசலில நிக்கிறா. ராசா வந்து ஒரு வரி சொல்லுறார். பாட்டு. முடிஞ்சுது. இதை நான் எழுதேல்லை, ஆரோ எழுதினது. எனக்கு ஓடம் ஓட்டத் தெரியாது.

வேலை என்னெண்டா, படம் ஏற்கெனவே வரைஞ்சு முடிஞ்சுது. ராசா எப்ப வாயைத் திறக்கிறார், எப்ப மூடுறார் எண்டதை இனி மாத்த ஏலாது. அவர் உதட்டை ஒட்டுற இடத்தில எங்கட சொல்லில ப, ம மாதிரி ஒண்டு வரவேணும். வாய் திறந்திருக்கேக்க நீங்கள் "ம்" எண்டு முடிச்சா பிள்ளையள் பிடிச்சிடுங்கள். பெரியாக்களை ஏமாத்தலாம், அதுகளை ஏலாது. இளவரசி ஓடத்தில நிண்டு உள்நாக்குத் தெரிய வாயைத் திறந்து இழுக்கிற இடத்துக்கு "சுதந்திரம்" எண்டு எழுதித் தந்திருந்தினம். "ம்"மில வாய் மூடிப்போடும். நான் "போறேனே" எண்டு மாத்தினன். கருத்துக் கொஞ்சம் குறைஞ்சுது. வாய் பொருந்தினது. மயூரி அதை இழுத்துப் பாட, கீழ புடவைக் கடையில நிண்ட சனம் மேல பாத்ததாம்.

வரியளை வாய்க்கு அளவா வெட்டித் தைக்கிறதுதான் இப்ப என்ர வேலை. நான் ஒரு வேலையில இவ்வளவு நாள் நிண்டது இதுதான் முதல்தரம்.

ராசாவின்ர வசனம் எல்லாம் இதோட வச்சிருக்கிறன். பாருங்கோ.

லக்சிகா


ஒஷாவா
ஏப்ரல் 2, 2024

லக்சிகா,

வசனங்களைப் படித்தேன். கொக்கோடு ராசா வாதாடும் இடம் மிகை. எந்த ராசாவும் ஒரு கொக்கை மூன்று முறை "வாயை மூடு" என்று சொல்லமாட்டான். முதல் முறையே மூட வைத்திருப்பான். மற்றபடி குறையில்லை. கடைசி வரி நன்றாக அமைந்திருக்கிறது. "இந்தக் கோட்டையின் வாயில் என்றென்றும் உனக்காகத் திறந்தே இருக்கும், மகளே." எழுதியவர் யாரோ, தமிழ் தெரிந்தவர்.

கராஜுக்குள் நின்று பழகிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு றிச்சர்ட் வந்து எல்லாம் சரியா என்று கேட்டார். அந்த நேரம் நான் இளவரசியை நாடு கடத்திக்கொண்டிருந்தேன். ஓர் அரசன் தன் மகளை வெளியே போகச் சொல்கிறான், அது நடிப்பு என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். றிச்சர்ட் தலையாட்டினார். மகள் இப்போது எங்கே என்று கேட்டார். ஸ்காபரோவில் என்றேன்.

வருகிறேன். ஆனால் ஒன்று. ராசா இளவரசியோடு பேசுவான். நான் உன்னோடு பேசமாட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான். உனக்குச் சம்மதமானால் நாளும் நேரமும் எழுதவும். றெமிஜியசுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தேத்தண்ணி வேண்டாம். தொண்டைக்குச் சுடுதண்ணி இருந்தால் போதும்.

க. சண்முகலிங்கம்


டோர்செட் பார்க்
ஏப்ரல் 15, 2024

அப்பா,

வந்தனீங்கள், போனனீங்கள். றெமிஜியஸ் அண்ணைக்கு வணக்கம். மயூரிக்கு வணக்கம். கொக்குக்குப் பேசுற வின்சன்ற் அங்கிளைக் கட்டிப்பிடிச்சு வணக்கம். எனக்குத் தலையசைப்பும் இல்லை. அந்தச் சுடுதண்ணியை ஆர் வச்சதெண்டு நினைச்சீங்கள்?

சரி, அது பேசிக்கொண்டதுதானே. ஆனா நீங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிண்டபடியால் இஞ்சால என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியாது. முதல் வரியை நீங்கள் சொல்லி முடிய, றெமிஜியஸ் அண்ணை என்ர பக்கம் குனிஞ்சு, "பிள்ளை, ராசா கேக் வெட்டக் கூப்பிடுறார் போல கிடக்கு" எண்டார். நான் சிரிச்சதைக் கண்டிட்டு முறைச்சனீங்கள். அந்தக் கோவத்தோட திரும்பச் சொன்னது நல்லா வந்திட்டுது. அதைத்தான் வச்சிருக்கிறம்.

நாடு கடத்திற இடம். ஹெட்ஃபோனில உங்கட காதுக்குள்ள இளவரசியின்ர வரியை வாசிக்கிறது நான். "நான் போகிறேன், தந்தையே" எண்டு வாசிச்சன். நீங்கள் "போ" எண்டு சொல்லவேணும். ஒரு எழுத்து. நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சனீங்கள். றெமிஜியஸ் அண்ணை தண்ணி வேணுமோ எண்டு கேட்டார். வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு "போ" எண்டனீங்கள். வேலைதானே. நானும் வேலையாத்தான் எடுத்தனான்.

கடைசி வரிதான் பிரச்சினை. ராசா வாயைத் திறந்து மூடி முடிஞ்சிட்டார், நீங்கள் இன்னும் "என்றென்றும்" இல நிக்கிறியள். வெட்டித் தந்தன். அதுவும் நீளம். திரும்ப வெட்டித் தந்தன். "மகளே" எண்டு நீங்கள் சொல்லேக்க படத்தில ராசா எங்கையோ திரும்பிப் பாக்கிறார். வின்சன்ற் அங்கிளுக்குப் பசி வந்திட்டுது. அப்பதான் நீங்கள் பேப்பரைக் கீழ வச்சிட்டு, மைக்கையும் பாராமல், "கதவு பூட்டேல்லை, பிள்ளை" எண்டு சொன்னனீங்கள்.

மைக் பிடிக்கிற குரல் இல்லை. வீட்டுக் குரல்.

போட்டுப் பாத்தம். "பூ"வில ராசாவின்ர உதடு ஒட்டுது, "பிள்ளை"யில திரும்ப ஒட்டுது. அளவெடுத்துத் தைச்ச மாதிரி. வாய் பொருந்தினது, அதால வச்சனான். வேற ஒண்டும் இல்லை.

நீங்கள் போனாப்பிறகு, உம்மட அப்பா ஏன் உம்மோட ஒண்டும் கதைக்கேல்லை எண்டு றெமிஜியஸ் அண்ணை கேட்டார். ராசாவில ஊறிப்போனார் எண்டு சொன்னன்.

லக்சிகா


ஒஷாவா
ஏப்ரல் 22, 2024

லக்சிகா,

சுடுதண்ணி அளவான சூடு.

அந்த அறையில் ஒரு பிள்ளை இருந்தாள். இளவரசியின் வரிகளை என் காதுக்குள் வாசித்தவள். ழகரம் சுத்தமாக வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுது அழுது போனவளாக இருக்கவேண்டும். ராசாவின் வாயை ஒருதரம் பார்த்துவிட்டு, எந்தச் சொல்லை எடுத்தால் பொருந்தும் என்று றெமிஜியசுக்குச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் எடுத்தார். இது விளையாட்டு வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவளைக் கண்டால் சொல்லிவிடு.

கடைசி வரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நின்று நின்று கால் நொந்தது. நாவில் வந்ததைச் சொன்னேன்.

திறப்பை உனக்கு அனுப்பிவிடச் சொல்லி அம்மா நச்சரிக்கிறா. திறப்பைத் தபாலில் போடுவது பாதுகாப்பில்லை.

க. சண்முகலிங்கம்


டோர்செட் பார்க்
மே 13, 2024

அப்பா,

அந்தப் பிள்ளையிட்டச் சொன்னன். காது கேட்டுது எண்டு சொன்னாள்.

இப்ப ஒரு கரைச்சல். கொம்பனிக்குத் தமிழ் சரிபாக்கிற அம்மா ஒராள் இருக்கிறா. ராசா படம் முழுக்கச் செந்தமிழ் கதைச்சிட்டுக் கடைசி வரியை மட்டும் அடுப்படித் தமிழில சொல்லுறார் எண்டு எழுதி அனுப்பியிருக்கிறா. "பூட்டேல்லை" எண்டா சென்னையில இருக்கிற பிள்ளைக்கும் சிங்கப்பூரில இருக்கிற பிள்ளைக்கும் விளங்காதாம். அவ சொல்லுறது பிழை எண்டும் சொல்ல ஏலாது. நான் அவவின்ர இடத்தில இருந்தாலும் அப்பிடித்தான் எழுதியிருப்பன்.

நான் வேற வரி தைச்சு வச்சிருக்கிறன். "கதவு மூடவில்லை, மகளே." மூ, ம. ரெண்டு இடத்திலயும் உதடு ஒட்டுது. கருத்தும் அதேதான். உங்கட மேடைத் தமிழ். வந்து ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ. காரை நிப்பாட்டிற நேரம்கூடப் பிடிக்காது.

நீங்கள் வராட்டி அந்த ஒரு வரிக்கு வேற குரல் போட ஏலாது. ராசா முழுக்க இன்னொராளை வச்சுத் திரும்பப் பேசவேணும். அடுத்த படத்துக்கு வாய் பாக்கிற பொறுப்பை முழுசா என்னட்டத் தாறன் எண்டு றெமிஜியஸ் அண்ணை சொன்னவர். சொந்தத் தேப்பனையே கூட்டிக்கொண்டு வர ஏலாதவள் எண்டா என்ன நினைப்பார்?

எந்த நாள் எண்டு எழுதுங்கோ.

லக்சிகா


ஒஷாவா
மே 18, 2024

லக்சிகா,

வரமாட்டேன்.

"கதவு மூடவில்லை, மகளே." நல்ல வரி. இலக்கணம் சரி, உதடும் சரி. ஆயிரம் பேர் கூடிய மண்டபத்தில் நானும் அப்படித்தான் சொல்வேன். வேறு யாரையாவது கொண்டு சொல்விக்கவும். றெமிஜியசிடம் எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல். உன் வேலைக்கு இதனால் இடைஞ்சல் வந்தால் எனக்கு மனவருத்தம்தான்.

ராசாவின் மற்ற வரிகள் எதையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பச் சொல்லலாம். அந்த ஒன்றை மட்டும் திருத்திச் சொல்ல என்னால் முடியாது. அதைச் சொன்னது ராசா இல்லை.

க. சண்முகலிங்கம்


டோர்செட் பார்க்
ஜூன் 10, 2024

அப்பா,

உங்கட கடிதம் வந்து கனநாள். வாசிச்சிட்டு மேசையில கவுத்து வச்சன். என்ன எண்டு மயூரி கேட்டவள். தொண்டை சரியில்லையாம் எண்டு சொன்னன்.

றெமிஜியஸ் அண்ணையிட்டையும் அதைத்தான் சொன்னன். அவர் நம்பேல்லை, ஆனா கேள்வி கேக்கேல்லை. இப்ப வின்சன்ற் அங்கிள்தான் ராசாவும் கொக்கும். ஒரே மனுசன் தன்னைத்தானே "வாயை மூடு" எண்டு பேசிக்கொண்டு நிக்கிறார். அந்த மூண்டு தரத்தை ஒண்டாக் குறைச்சிட்டன். நீங்கள் சொன்னது சரி.

உங்கட ராசா முழுக்க அழிச்சாச்சு. கொம்பனிக்கு ஒரு பதிவுதான் போகவேணும், அதுதான் முறை. கடைசி வரியை மட்டும் என்ர லாப்ரொப்பில விட்டிருக்கிறன். வாய் எப்பிடிப் பொருந்தவேணும் எண்டு புதுசா வாறாக்களுக்குக் காட்ட. அடுத்த படம் எனக்குத்தான் தந்திருக்கினம். பன்னி ஒண்டு பாடுது.

படத்தை ஜூன் 22, சனிக்கிழமை காலமை ஸ்காபரோ தியேட்டரில காட்டுகினம். உங்களுக்கும் அம்மாவுக்கும் ரிக்கற் வச்சிருக்கிறன். வாறதெண்டா வாங்கோ. பக்கத்தில இருக்கவேண்டியதில்லை.

லக்சிகா


ஒஷாவா
ஜூன் 24, 2024

லக்சிகா,

படம் பார்த்தோம். சோளப்பொரி காலுக்குக் கீழே கடற்கரை மணல் மாதிரிக் கிடந்தது. கொக்கு பாடத் தொடங்கியதும் பாதிப் பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று கூடப் பாடினார்கள். அந்தப் பாட்டை அவர்கள் முன்பு கேட்டதே இல்லை. அப்படியும் பாடினார்கள். எந்த மேடையிலும் எனக்கு அப்படி ஒரு சபை கிடைத்ததில்லை.

நீ சில வரிசை முன்னால் இருந்தாய். திரையைப் பார்த்ததைவிட உன் பின்தலையைத்தான் நான் அதிகம் பார்த்தேன். முடியை வெட்டிவிட்டாய். மற்றவர்கள் சிரித்த இடங்களில் நீ சிரிக்கவில்லை, ராசாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். அம்மா ஓடத்துப் பாட்டுக்கு அழுதா. "போறேனே" என்று எழுதியது நீ என்று நான் சொன்னபிறகு என்னோடு கோபம். வீடு வரும்வரை கதைக்கவில்லை. இப்போது இந்த வீட்டில் எனக்கு ஃபோன் கூட இல்லை.

வின்சன்ற் ராசாவை நன்றாகச் செய்திருக்கிறார். கடைசியில் இளவரசி நனைந்துபோய் வாசலில் நிற்கிறாள். ராசா வருகிறான். "கதவு மூடவில்லை, மகளே." உதடு பிசகவில்லை. எனக்கு முன்னால் தாயின் மடியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் திரும்பித் தாயிடம் கேட்டாள்: "அப்ப ஏனம்மா அவ வெளியில நிக்கிறா?"

"பேசாமல் படத்தைப் பார்" என்றா தாய். பாட்டுத் தொடங்கிவிட்டது.

எனக்கு அதற்குப் பிறகு பாட்டு ஏறவில்லை. விளக்குப் போட்டதும் காருக்குப் போய்விட்டேன். நீ தேடினாய் என்று அம்மா அன்று சொல்லவில்லை, நேற்றுத்தான் சொன்னா.

படத்தில் இப்போது என் குரல் ஓரிடத்திலும் இல்லை. அது பரவாயில்லை. நான் சொன்னதை அன்று நீ கேட்டாய்தானே?

அப்பா


டோர்செட் பார்க்
ஜூன் 27, 2024

அப்பா,

கேட்டனான்.

ஞாயிற்றுக்கிழமை வாறன். கோட் எடுக்க இல்லை, இப்ப வெயில். கதைக்கவேணும் எண்டில்லை, சொன்ன சொல் சொன்னதாவே இருக்கட்டும். என்ர திறப்பும் உங்கட கோர்வையிலயே கிடக்கட்டும்.

பெல் அடிக்கமாட்டன். தள்ளிப் பாப்பன்.

லக்சிகா